மேப்பிள் சிரப்பும் கொச்சிச் சக்கரையும்: ‘இயற்கை இனிப்பு’ யாருடைய இயற்கை?

வீட்டிலேயே ஹாட் சாக்லேட் தயாரிப்பதற்கான சமையற்குறிப்புகள் அண்மைக் காலத்தில் ஒரே அச்சில் வார்த்தவை போல வருகின்றன. ஒரு கோப்பைப் பால், இரண்டு தேக்கரண்டி கோகோத் தூள், ஒரு சிட்டிகை உப்பு, இறுதியாக இரண்டு தேக்கரண்டி மேப்பிள் சிரப். அதன் கீழே தவறாமல் ஓர் உறுதிமொழி இருக்கும்: சர்க்கரை சேர்க்கப்படவில்லை, இயற்கை இனிப்பு மட்டுமே. ஆங்கிலத்தில் பிறந்த இவ்வுறுதிமொழி தமிழிலும் மலையாளத்திலும் அப்படியே பெயர்த்து வைக்கப்படுகிறது. இது வேதியியலிலும் பிழை, சொற்பொருளிலும் பிழை. இவ்விரண்டையும் பாடநூலும் அகராதியும் கொண்டு திருத்திவிடலாம். ஆனால் இவற்றுக்கு அடியில் மூன்றாவதாக ஒரு பிழை உண்டு. மரத்தின் இனிய சாறு வட அமெரிக்காவில் ‘இயற்கை’ ஆகவும் மேற்குக் கடற்கரையில் ‘கலால்’ ஆகவும் எவ்வாறு பிரிந்தது என்னும் வரலாற்றை அவ்வுறுதிமொழி மறைக்கிறது. வாதம் அதைப் பற்றியதே.

கொச்சிக்குத் தெற்கே, மட்டாஞ்சேரிக்கும் பள்ளுருத்திக்கும் அப்பால், காயல்நீர் சூழ்ந்து கிடக்கிறது கும்பளங்கி. 2000களின் தொடக்கத்தில் மாதிரிச் சுற்றுலாக் கிராமமாக அறிவிக்கப்பட்டது. 2019இல் வெளிவந்த ‘கும்பளங்கி நைட்ஸ்’ என்னும் மலையாளத் திரைப்படத்தால் கேரளத்துக்கு வெளியேயும் பெயர் பெற்றது. சீனவலைகளும் இறால் கெட்டுகளும் தென்னைகளும் நிறைந்த ஊர். அவ்வூரின் ஓர் அடுக்களையில் ஒருவர் மேற்சொன்ன குறிப்பைப் பின்பற்ற முனைகிறார் எனக் கொள்வோம். கோகோ, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இடுக்கியின் அடிமாலிப் பகுதியில் விளைகிறது. தேங்காய்ப்பால் முற்றத்து மரத்திலிருந்தே கிடைக்கும். உப்புக்கும் பாலுக்கும் குறைவில்லை. இனிப்புக்கு மட்டும் 12,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டி வந்தாக வேண்டும் என்கிறது குறிப்பு. அந்தப் புட்டியில் இருப்பதோ, மரத்தில் காயம் செய்து வடித்த சாற்றைக் காய்ச்சி எடுத்த பாகு. அடுக்களைச் சன்னலுக்கு வெளியே நிற்கும் மரமும் அதே வகைச் சாற்றைத் தரவல்லது. இந்த முரணைக் குறிப்பை எழுதியவர் கவனிக்கவில்லை, மொழிபெயர்த்தவரும் கவனிக்கவில்லை.

மேப்பிள் பாகைப் பழிப்பது இங்கு நோக்கமன்று. அது உழைப்பும் நுட்பமும் மிக்க பண்டம். கனடாவின் கிழக்குப் பகுதியிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும், குளிர்காலம் முடியும் தறுவாயில், இரவில் உறைநிலையும் பகலில் இளஞ்சூடும் மாறி மாறி வரும் சில வாரங்களில் மட்டுமே மேப்பிள் சாறு ஊறும். அதில் சர்க்கரை ஏறத்தாழ 2 விழுக்காடுதான். எனவே ஒரு லிட்டர் பாகுக்குச் சுமார் 40 லிட்டர் சாற்றைக் காய்ச்ச வேண்டும். ஐரோப்பியர் வருமுன்பே அனிஷினாபே உள்ளிட்ட தொல்குடி மக்கள் அச்சாற்றை வடித்து இனிப்பாக்கி வந்தனர். இன்று உலக உற்பத்தியில் பெரும்பங்கு கியூபெக் மாகாணத்தினுடையது. அங்குள்ள உற்பத்தியாளர் அமைப்பு உற்பத்தி வரம்பு விதிக்கிறது, சேமக் கிடங்கு வைத்திருக்கிறது, விலையைத் தாங்கிப் பிடிக்கிறது. நிறத்தையும் சுவையையும் கொண்டு பாகைத் தரம் பிரிக்கச் சட்டவிதிகள் உள்ளன.

இப்போது தென்னைக்கு வருவோம். விரியாத பாளையைக் கட்டி, தட்டிப் பதப்படுத்தி, நுனியை நாள்தோறும் மெல்லியதாகச் சீவினால் சாறு வடியும். அதில் சர்க்கரை 12 முதல் 15 விழுக்காடு வரை இருக்கும். ஆகவே ஒரு லிட்டர் பாகுக்கு ஆறேழு லிட்டர் சாறு போதும். விறகும் நேரமும் பல மடங்கு மிச்சம். பருவமும் சில வாரங்களோடு முடிவதன்று. பனையிலும் கூந்தற்பனையிலும் நிகழ்வது இதுவே. இலங்கைத் தமிழில் ‘பாணி’ என்னும் சொல் இன்றும் இப்பொருளில் வழங்குகிறது. எருமைத்தயிரின் மேல் ஊற்றும் கித்துள் பாணியைச் சுவைத்த எவருக்கும் மேப்பிள் சிரப் என்பது இன்னொரு பாணிதான் என்பது சொல்லாமலே விளங்கும். செய்முறையளவில் இரண்டுக்கும் அடிப்படை வேறுபாடு இல்லை. மரம் வேறு, நிலம் வேறு, மணம் வேறு, அவ்வளவே.

வேதியியல் இன்னும் வெளிப்படையானது. மேப்பிள் பாகின் இனிப்புக்குக் காரணம் பெரும்பாலும் சுக்ரோஸ். கரும்புச் சீனியில் இருப்பதும் அதுவே. மாங்கனீசும் ரைபோஃபிளேவினும் அதில் ஓரளவு உண்டு என்பது உண்மை. அவற்றைப் பெறுவதற்காக யாரும் பாகை ஊற்றிக் குடிக்க வேண்டியதில்லை என்பதும் உண்மை. உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல், உணவில் சேர்க்கப்படும் சர்க்கரையோடு தேனிலும் பாகுகளிலும் பழச்சாற்றிலும் இயல்பாக உள்ள சர்க்கரையையும் ஒரே வகையாகக் கணக்கிட்டு, நாளொன்றின் ஆற்றல் தேவையில் 10 விழுக்காட்டுக்குக் கீழே நிறுத்தச் சொல்கிறது. அந்தக் கணக்கில் மேப்பிளுக்கு விலக்கு இல்லை. கருப்பட்டிக்கும் இல்லை. ஆகவே ‘சர்க்கரை சேர்க்கவில்லை’ என்பது பொய். கருப்பட்டியை மருந்தாக விற்பவர்கள் சொல்வதும் அதே பொய்தான். அவர்களிடம் பின்னர் வருவோம்.

சொற்பொருளில் நேரும் பிழை மொழியியல் பயில்வோருக்குச் சுவையானது. ‘சர்க்கரை சேர்க்கவில்லை’ எனத் தமிழில் எழுதுபவர், இன்று வெள்ளைச் சீனியைக் குறிக்கும் பொருளிலேயே அச்சொல்லை ஆள்கிறார். ஆனால் சர்க்கரைப் பொங்கலில் இடுவது வெல்லம். அத்தொடர் பழைய பொருளை இன்னும் காத்து நிற்கிறது. மலையாளத்தில் ‘சர்க்கர’ என்றால் இன்றும் வெல்லமே. வெள்ளைச் சீனி ‘பஞ்சசார’. தமிழின் ‘சீனி’யோ சீனத்தை நினைவூட்டுவது, கும்பளங்கிக் காயலின் சீனவலையைப் போல. சக்கரை, சர்க்கரை, சீனி, வெல்லம், கருப்பட்டி, கற்கண்டு, பாகு, பாணி என இனிப்பின் படிநிலைகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கும் மொழிகளில், அனைத்தையும் ‘சர்க்கரை’ என்னும் ஒரே பையில் போட்டுவிட்டு, மேப்பிளுக்கு மட்டும் தனிப்பெயரும் தனித்தகுதியும் அளிக்கிறது அந்த மொழிபெயர்ப்பு.

இது தனித்தமிழ் வாதமன்று. கடன்சொல் வருவதில் குற்றமில்லை. இக்கரையிலிருந்து போன சொற்களும் உள்ளனவே. ஆங்கிலத்தின் ‘ஜாகரி’ என்னும் சொல், போர்த்துக்கீசியர் மலையாளக் கரையில் கேட்ட ‘சக்கர’ என்பதிலிருந்து உருவானது. 1503இல் கொச்சியில் கோட்டை கட்டிய அவர்கள் மிளகோடு சொற்களையும் ஏற்றிச் சென்றனர். ‘சிரப்’ என்பதன் வேர் பருகுதலைக் குறிக்கும் அரபு மூலம். நன்னாரி சர்பத்தின் ‘சர்பத்’தும் அதே வேரின் மற்றொரு கிளை. ‘கோகோ’வின் கதை இன்னும் வேடிக்கையானது. மெசோ அமெரிக்க மொழிகளின் ‘ககாவ்’ ஆங்கிலத்தில் ‘ககாவோ’ ஆகி, தென்னையைக் குறிக்கும் ‘கோகோ’வோடு குழம்பி, 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில் இரண்டும் ஒரே பதிவுக்குள் கலந்துவிட்டன. இன்று கேரளத்திலும் பொள்ளாச்சியிலும் கோகோ பெரும்பாலும் வளர்வது தென்னை நிழலில்தான். சொற்கள் கடல் கடக்கும், கலக்கும், பிழையாகவும் வாழும். எனவே ‘மேப்பிள் சிரப்’ என்னும் சொல் தமிழில் நுழைவதில் இழப்பு ஏதுமில்லை. அது நுழையும்போது எந்தச் சொற்கள் சமையற்குறிப்பிலிருந்து வெளியேறுகின்றன, ஏன் வெளியேறுகின்றன என்பதே கேள்வி.

விடையின் ஒரு பாதி சட்டநூலில் இருக்கிறது. இன்று கேரளம் முழுவதும் நடைமுறையிலுள்ள அப்காரிச் சட்டம், கொல்லம் ஆண்டு 1077இல், அதாவது 1901-02இல், கொச்சி சமஸ்தானம் இயற்றியது. 1967இல் அது மாநிலம் முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. தென்னை, பனை, ஈச்சை முதலிய மரங்களிலிருந்து இறக்கிய சாறு புளித்ததாயினும் புளிக்காததாயினும் ‘கள்’ என்றே அச்சட்டம் வரையறுத்தது. மொழியியல் நோக்கில் இது வியப்பூட்டும் செயல். தமிழ் இவ்விரண்டையும் ஒருபோதும் குழப்பியதில்லை. புளித்தது கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் புளிக்காமல் காத்தது பதநீர். கொங்கு நாட்டில் அது தெளுவு, குமரியிலும் தென்கேரளத்திலும் அக்கானி, யாழ்ப்பாணத்தில் கருப்பணி. மலையாளத்தில் மதுரக்கள்ளு என அடைமொழியிட்டாவது வேறுபடுத்தினர். சிறுவருக்கும் கொடுக்கும் பானத்தையும் மயக்கம் தரும் பானத்தையும் மக்கள் மொழி பிரித்து வைத்திருக்க, வருவாய் நோக்கில் எழுந்த சட்டமொழி அவற்றை ஒன்றாக்கியது. வரையறை என்பது வெறும் சொல்லன்று. வரையறுத்தவுடன் உரிமமும் வரியும் தண்டனையும் அதன் பின்னே வரும். மரத்தில் ஏறிச் சாறு இறக்கிப் பாகு காய்ச்ச விரும்பும் கும்பளங்கிக்காரர் தம் முற்றத்திலேயே கலால் துறையின் எல்லைக்குள் நிற்கிறார்.

இதே காலப்பகுதியில் மேப்பிளுக்கு நேர்ந்தது நேர்மாறு. 1965இல் அதன் இலை கனடாவின் தேசியக் கொடியில் ஏறியது. அதன் சாறு குற்றத்தோடு அன்றி இளவேனிலோடும் குழந்தைமையோடும் தேசத்தோடும் பிணைக்கப்பட்டது. கனடாவும் களங்கமற்றதன்று, அச்சாற்றை முதலில் வடிக்கக் கற்றுத்தந்த தொல்குடிகளின் நிலத்தைப் பறித்துக்கொண்டுதான் அத்தேசிய அடையாளம் எழுந்தது. ஆனால் மரச்சாற்றைப் பொறுத்தவரை, அங்கே அரசு செய்தது தரநிர்ணயம். இங்கே செய்தது கண்காணிப்பு. மேப்பிள் பாகு எளிதில் புளித்து மதுவாகாது, தென்னைச் சாறு சில மணி நேரத்திலேயே புளிக்கும், ஆகவே கண்காணிப்பு இன்றியமையாதது என்பர். அது ஓரளவு நியாயமே. ஆயினும் திராட்சைச் சாறும் புளிக்கக்கூடியதே. அதற்காகத் திராட்சைத் தோட்டத்தை எவரும் சாராயக்கடையாக வரையறுப்பதில்லை. புளிக்காமல் காப்பதற்கு ஊக்கமும் கருவியும் கொடுப்பதா, புளிக்கக்கூடும் என்பதற்காகவே முழுவதையும் மதுவாகக் கருதுவதா என்பது கொள்கைத் தேர்வு, மரத்தின் குணமன்று.

இத்தேர்வின் விளைவை அண்மைக் காலத்திலும் காணலாம். 2014இல் கேரள அரசு, புளிக்காத தென்னைச் சாற்றை ‘நீரா’ என்னும் பெயரில் இறக்கவும் பதப்படுத்தவும் விதிகள் வகுத்து, உழவர் நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கியது. கொச்சியில் தலைமையகம் கொண்ட தென்னை வளர்ச்சி வாரியம் அதனை ஊக்குவித்தது. தமிழ்நாட்டிலோ 1987 முதல் கள் இறக்கத் தடை நீடிக்கிறது; தென்னை நீரா இறக்க 2017-18இல்தான் வழி திறந்தது. ‘நீரா’ என்னும் பெயரே இவ்விரு மொழிகளிலும் வேரற்ற வடநாட்டு இறக்குமதி என்பதைக் கவனிக்க வேண்டும். பதநீரும் அக்கானியும் மதுரக்கள்ளும் கைவசம் இருக்க, சட்டத்தின் பார்வையில் ‘கறைபடாத’ ஒரு சொல் வெளியிலிருந்து தேவைப்பட்டது. முதலில் பெரும் ஆரவாரம் எழுந்தது. பின்னர் மரமேறுவோர் பற்றாக்குறை, குளிர்பதனச் செலவு, சந்தைப்படுத்தலில் தேக்கம் எனப் பல நிறுவனங்கள் தளர்ந்தன. பாகாகவும் சக்கரையாகவும் காய்ச்சினால் குளிர்பதனமே தேவையில்லை என்னும் பழைய அறிவு மையத்துக்கு வரவேயில்லை. நீரா ஒரு குளிர்பானமாகவே கற்பனை செய்யப்பட்டது. நூறாண்டுக் காலம் ஒரு தொழிலை ஐயத்தோடு பார்த்துவிட்டு, ஓர் அரசாணையால் அதை ஆரோக்கிய பானத் தொழிலாக மாற்ற முயன்றால் இதுவே நேரும்.

விடையின் மறுபாதி சாதி. பாளை சீவும் தொழில் கேரளத்தில் பெரும்பாலும் ஈழவரோடும், தென்தமிழகத்தில் பனையேறும் தொழில் நாடார்களோடும் பிணைக்கப்பட்டது. ‘மது விஷம், அதைச் செய்யாதீர், கொடுக்காதீர், குடிக்காதீர்’ என்னும் கருத்தில் ஸ்ரீ நாராயண குரு செய்தி விடுத்தார். அது தாழ்த்தப்பட்ட ஒரு சமூகம் தன் மேல் சுமத்தப்பட்ட இழிவிலிருந்து விடுபட நிகழ்த்திய போராட்டத்தின் ஒரு பகுதி. அதைக் குறை சொல்ல எவருக்கும் தகுதியில்லை. குறை சொல்ல வேண்டியது, உழைப்பை விட்டு விலகினால்தான் மதிப்புக் கிடைக்கும் என்னும் நிலையை உண்டாக்கிய சமூகத்தை. தெற்கே, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டு மொழியியலாளர் அனைவராலும் போற்றப்படும் கால்டுவெல், அதற்கு ஏழாண்டுகளுக்கு முன் 1849இல் திருநெல்வேலிப் பனையேறிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர்களை அறிவிலும் பண்பாட்டிலும் தாழ்ந்தவராகச் சித்திரித்த அந்நூலை எதிர்த்து அச்சமூகத்தினர் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. மொழிக்குடும்பத்துக்கு மதிப்பைத் தேடித்தந்த அதே கை, பனையேறியின் மதிப்பைக் குறைத்து எழுதியது. திராவிட மொழியியல் வகுப்புகளில் முதல் நூல் பாடமாகிறது. இரண்டாவது நூல் அடிக்குறிப்பாகக்கூட வருவது அரிது.

மலையாளத்தில் பாளை சீவுவதற்கு ‘செத்து’ என்பது பெயர். அதே வடிவம் இளைஞர் வழக்கில் ‘மிடுக்கு, நாகரிகம்’ என்னும் பொருளிலும் வழங்குகிறது. சொல் இளைஞரிடையே மிடுக்காகிவிட்டது, தொழிலுக்கு அந்த மிடுக்கு வரவில்லை. கேரளக் காயல்புறக் கிராமச் சுற்றுலாக்களில் கயிறு திரிப்பதும் பாளை சீவுவதும் பயணிகளுக்குக் காட்டப்படுகின்றன. பார்த்து, படம்பிடித்து, கைதட்டிவிட்டுத் தங்குமிடம் திரும்பும் விருந்தினருக்குச் சூடான சாக்லேட் பானம் மேப்பிள் சிரப்போடு வருமாயின், அங்கே பாளை சீவுபவர் காட்சிப்பொருள் மட்டுமே, உற்பத்தியாளர் அல்லர். அவருடைய திறமை பண்பாடு எனப் போற்றப்படும். அவர் இறக்கிய சாறு மட்டும் விலைப்பட்டியலில் இடம்பெறாது. ‘இயற்கை’ என்னும் சொல் இங்கே மரத்தைக் குறிக்கவில்லை. மரமேறியவரைக் கண்ணில் படாமல் வைத்திருக்கும் தொலைவைக் குறிக்கிறது. கியூபெக்கின் உழைப்பாளி தொலைவில் இருப்பதால் அவர் பாகு தூய்மையாகத் தெரிகிறது. கும்பளங்கியின் உழைப்பாளி அருகில் இருப்பதால் அவர் பாகில் வியர்வையும் சாதியும் கலால் முத்திரையும் தெரிகின்றன.

இதற்கு மாற்றாக மரபு மீட்பர் முன்வைப்பதும் தீர்வன்று. ‘முன்னோர் உண்ட கருப்பட்டி நோய் தீர்க்கும், நீரிழிவுக்காரரும் உண்ணலாம்’ என்னும் பரப்புரை, மேப்பிள் குறிப்பின் பொய்யை உள்ளூர் உடையில் மறுபதிப்புச் செய்கிறது; நீரிழிவு உள்ளவருக்கு அது ஆபத்தும்கூட. அந்த ‘முன்னோர்’ என்னும் பன்மையில் பனையேறியவர் இடம்பெறுவதில்லை. ஏறியவரைத் தெருவுக்குள் விடாத முன்னோரும், ஏறி இறக்கிக் கொடுத்த முன்னோரும் ஒரே சொல்லுக்குள் இணக்கமாக அமர்த்தப்படுகின்றனர். 2023இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது வரவேற்கத்தக்கதே. இடுக்கியின் மறையூர்ச் சர்க்கரைக்கு 2019இல் கிடைத்ததும் அவ்வாறே. ஆனால் ஊரின் பெயருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, ஏறுபவரின் கூலிக்கும் விபத்துக் காப்பீட்டுக்கும் தானாகவே நீளாது. வெள்ளைச் சீனி கலந்த போலிக் கருப்பட்டி சந்தையில் மலிந்திருப்பதற்கும் இதுவே காரணம்: இறக்குபவருக்கு உரிய விலை கொடுக்காத சந்தை, இறக்காத கருப்பட்டியைத்தான் விற்கும்.

கோகோவை வெளிநாட்டுப் பண்டம் எனத் தள்ளிவிடாமல், இனிப்பை மட்டும் ஏன் உள்ளூரில் தேட வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. இங்கே கோகோவே இவ்வாதத்துக்கு வலுவான சான்று. 1798இல் கிழக்கிந்தியக் கம்பெனி வழியே குற்றாலத்தில் நடப்பட்டதாக அறியப்படும் அச்செடி, 1960களில் வயநாட்டில் வணிகப் பயிராகத் தொடங்கியது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் பல பத்தாண்டுகளாக அதன் இரகங்களை ஆராய்ந்து வருகிறது. 1980களின் தொடக்கத்தில் கொள்முதல் விலை சரிந்தபோது உழவர்கள் மரங்களை வெட்டினர். அந்நெருக்கடியில் கொள்முதலில் இறங்கிய காம்ப்கோ கூட்டுறவு அமைப்பு, 1986இல் கர்நாடகத்தின் புத்தூரில் தன் சாக்லேட் ஆலையைத் திறந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் குன்றியதால் 2024இல் உலக விலை டன்னுக்கு 10,000 டாலரைக் கடந்தபோது, இடுக்கியில் உலர் கொட்டை கிலோ 1,000 ரூபாயைத் தொட்டது; அந்த உயரம் நிலைக்கவில்லை. ஓர் அயல்செடி இரண்டு நூற்றாண்டுகளில் உழவர், ஆய்வாளர், கூட்டுறவு, உள்ளூர் ஆலை ஆகியோரின் கூட்டு முயற்சியால் இம்மண்ணின் பயிரானது. மேப்பிள் அவ்வாறு ஆக முடியாது; அதற்குக் கேரளம் ஒருபோதும் தரமுடியாத உறைபனி வேண்டும். அயலானது உள்ளூராவதற்கு உழைப்பு வேண்டும், அதற்கு மதிப்புத் தரும் நிறுவனங்களும் வேண்டும். தென்னைச் சாறு உள்ளூராக இருந்தும் அயலானதற்குக் காரணம், அவ்விரண்டும் அதற்கு மறுக்கப்பட்டமையே.

மேப்பிளின் மணத்துக்கு ஈடில்லை என்பது மற்றொரு மறுப்பு. மறுக்க வேண்டியதில்லை, அம்மணம் தனித்துவமானதே. மணத்துக்காக அதை வாங்குபவர் வாங்கட்டும், மணத்துக்காக என்று சொல்லட்டும். ‘இயற்கை’ என்றும் ‘சர்க்கரையற்றது’ என்றும் சொல்ல வேண்டாம். தேனைத் தவிர்ப்போருக்குத் தாவர இனிப்பு வேண்டும் என்பது அடுத்த மறுப்பு. பாளைச் சாறு தாவரத்திலிருந்து வருவதே. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் வாழும் ஈழத்தமிழர் வீட்டில் மேப்பிள் சிரப் கலந்த ஹாட் சாக்லேட் பருகினால் இவ்வாதத்துக்கு அங்கே வேலையில்லை. அங்கு அது பக்கத்து மரத்தின் சாறு. பாணியின் நினைவோடு அதைச் சுவைப்பவர் மிகச் சரியான மொழிபெயர்ப்பைச் செய்கிறார். ஸ்கார்பரோவில் இயல்பானதைக் கும்பளங்கியில் உயர்வானதாக்கும் படிநிலையே எதிர்க்கத்தக்கது.

செய்முறையையும் சொல்லிவிடுவது நேர்மை. ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி இனிப்பில்லாத கோகோத் தூளை எடுத்து, கொதிநீர் சிறிது விட்டுக் கட்டியின்றிக் குழைக்க வேண்டும். கொழுப்பு மிகுந்த தூள் நேரடியாகப் பாலில் கரையாது, கட்டிகட்டியாக மிதக்கும். ஆம்ஸ்டர்டாமின் வான் ஹௌட்டன் குடும்பம் 1828இல் கொழுப்பைப் பிழியும் முறைக்குக் காப்புரிமை பெற்றதும், பின்னர்க் காரம் சேர்க்கும் முறை வந்ததும் இத்தொல்லையைக் குறைக்கத்தான். 1663 முதல் 1795 வரை கொச்சியை ஆண்ட டச்சுக்காரர் இதை அறியாமலே கொச்சியைவிட்டுப் போயினர். குழைத்ததில் இரண்டாம் தேங்காய்ப்பாலை ஊற்றி மெல்லிய தீயில் சூடேற்றி, உப்பு ஒரு சிட்டிகை இட்டு, இறக்கிய பின்னரே முதற்பாலும் தென்னம்பாணியோ கரைத்து வடிகட்டிய கருப்பட்டியோ சேர்க்க வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்தால் பசும்பால் திரிந்துவிடக்கூடும் என்பதும், முதற்பால் கொதித்தால் பிரியும் என்பதும் பிரதமன் காய்ச்சும் எந்த அடுக்களைக்கும் தெரிந்தவை. கருப்பட்டியின் புகைமணமும் கோகோவின் கசப்பும் நன்கு இணங்கும். சுக்கு ஒரு சிட்டிகை சேர்த்தால் குறை சொல்ல இடமில்லை. இதுவும் இனிப்புப் பானமே. அளவோடு பருக வேண்டியதே.

ஆய்வுலகத்துக்கும் இதில் பொறுப்பு உண்டு. உணவுப் பண்பாட்டு ஆய்வுகள் பெருகிவரும் இக்காலத்தில், பிரியாணியின் பிறப்பிடம் பற்றி நூறு கட்டுரைகள் எழுதப்படுகின்றன. பாளை, கலயம், தளநார், கடிப்பு, அரிவாள்பெட்டி எனத் தமிழிலும், செத்து, மாட்டம் என மலையாளத்திலும் வழங்கும் தொழிற்சொற்களை வட்டார வேறுபாடுகளோடும், பேசுவோரின் குரலோடும், பயன்பாட்டு விளக்கத்தோடும் தொகுக்கும் பணி அதே வேகத்தில் நடைபெறவில்லை. மரமேறுவோர் குறையக் குறைய அச்சொற்களின் கடைசித் தலைமுறையும் குறைகிறது. அகராதியில் இல்லாத தொழிலுக்குச் சட்டத்தில் சரியான வரையறை கேட்பது கடினம். சட்டத்தில் வரையறை இல்லாத பண்டத்துக்குச் சந்தையில் தரம் கேட்பது அதனினும் கடினம். கியூபெக்கின் பாகுக்கு நான்கு நிறத்தரங்கள் உண்டு. தெளுவுக்கும் அக்கானிக்கும் கருப்பணிக்கும் உள்ள நுண்ணிய வேறுபாடுகள் மக்கள் நாவில் மட்டுமே உள்ளன. அவற்றை எழுத்தில் ஏற்றுவது மொழியியலாளரின் கடமை. மீட்புவாதிகளின் மேடைக்கு விட்டுவிட வேண்டியதன்று.

இவ்வாதத்தின் கோரிக்கைகள் எளியவை. சமையற்குறிப்பை மொழிபெயர்ப்பவர் ‘இயற்கை இனிப்பு’ என எழுதும்முன், எந்த மரம், யார் ஏறியது, எந்தச் சட்டத்தின் கீழ் என்னும் கேள்விகளைக் கேட்கட்டும். சுற்றுலாக் கிராமங்கள் பாளை சீவுவதைக் காட்டுவதோடு நில்லாமல், அங்கேயே காய்ச்சிய பாணியை விருந்தினரின் கோப்பையில் ஊற்றட்டும். அதற்கான விலையைச் சீவியவரிடம் கொடுக்கட்டும். சட்டம் இயற்றுவோர், மக்கள் மொழி நெடுங்காலமாகப் பிரித்தே வைத்திருக்கும் இரண்டு சொற்களைப் பிரித்தே வைக்கட்டும். அதுவரை, கும்பளங்கியின் அடுக்களையில் மேப்பிள் சிரப் கலந்த கோப்பை இனிக்கத்தான் செய்யும். அதை ‘இயற்கை’ என அழைப்பதற்கு மட்டும், சன்னலுக்கு வெளியே நிற்கும் தென்னையைப் பார்க்காமல் இருக்க வேண்டும்.